ஒரகடத்தில் எத்தனை குதிரை?

ஒரகடம் கூட்டுச்சாலையில் கால்மணி நேரம் நின்றால் போதும், பூச்சின் பளபளப்பு மாறாத பாரத்பென்ஸ் லாரிகள் ஆலையிலிருந்து வரிசையாக வெளியேறுவதைப் பார்க்கலாம். அவற்றின் பக்கவாட்டில் 2823, 3528, 5528 என்று எண்கள் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வண்டியும் சரக்கும் சேர்ந்த எடையை டன் கணக்கில் சொல்கின்றன. கடைசி இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை குதிரை என்று தெரிந்துவிடும். 5528 என்றால் 55 டன், 280 குதிரை. ஆலையில் யாரும் அதைக் குதிரை என்று சொல்வதில்லை, ஹெச்.பி. என்பார்கள். குதிரைத் திறன் என்று எழுதுவது பள்ளிப் பாடப்புத்தகம் மட்டும்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை நீளும் இந்தப் பகுதியில் உயிருள்ள குதிரையைப் பார்ப்பது, நம் வழக்குச் சொல்லிலேயே சொன்னால், குதிரைக் கொம்பு. ஆனால் குதிரையின் பெயர்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனம். ஒரகடத்தில் பிரெஞ்சு ரெனோவும் ஜப்பானிய நிசானும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஆலை. அருகிலேயே ஜெர்மன் டைம்லர். எஞ்சினின் வலுவைச் சொல்ல கொரியர் ‘மாரியோக்’ என்கிறார்கள், ஜப்பானியர் ‘பாரிகி’ என்கிறார்கள். இரண்டும் ‘குதிரை, வலு’ என்ற ஒரே சீன எழுத்து இணையின் இரண்டு உச்சரிப்புகள். பிரெஞ்சில் ‘ஷெவால்-வாப்பர்’, நீராவிக் குதிரை. 1947இல் ரெனோ விற்கத் தொடங்கிய சிறிய காருக்குப் பெயரே ‘நான்கு குதிரை’. வரி போடுவதற்காக அரசு வைத்த கணக்கு அது. ஜெர்மனில் ‘ஃபேர்டேஷ்டெர்க்கே’. நம் ஊர் விளம்பரத் தாள்களில் எஞ்சின் விவரத்துக்குப் பக்கத்தில் பி.எஸ். என்று இரண்டெழுத்து வருகிறதே, அது இந்தச் சொல்லின் சுருக்கம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு ஹெச்.பி. 746 வாட். ஒரு பி.எஸ். 735.5 வாட். ஜெர்மன் குதிரை இங்கிலாந்துக் குதிரையைவிடக் கொஞ்சம் நோஞ்சான் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் ஜேம்ஸ் வாட். தன் நீராவி எஞ்சினை வாங்க வந்த ஆலைக்காரர்களும் மதுவடிப்போரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது எத்தனை குதிரைக்குச் சமம்? செக்குமாடு போல வட்டமடித்து ஆலையை ஓட்டிய குதிரைகளை அளந்து, ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் வரையறுத்தார். வாங்குபவனுக்குப் பழக்கமான விலங்கின் பெயரில் புதுப்பொருளை விற்றார்.

ஒரு சமூகம் குதிரைக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்தப் பெயர்களை வைத்தவர் யார் என்று கேட்பது பயன் தரும். குதிரையைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டியவரா, அதன்மீது ஏறியவரா, விற்றவரா, பாடிப் பரிசில் பெற்றவரா? ஆங்கிலத்தையும் தமிழையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இருவேறு கணக்குப் புத்தகங்கள் என்பது விளங்கும்.

ஆங்கிலத்தின் மிகப் பழைய குதிரைச்சொற்களில் ஒன்று ‘எஓ’. லத்தீனின் ‘எக்வுஸ்’, சமஸ்கிருதத்தின் ‘அச்வ’ இரண்டுக்கும் உடன்பிறப்பு. அது செத்துவிட்டது. பழைய ரூன் எழுத்து ஒன்றின் பெயராக மட்டும் நினைவில் நிற்கிறது. அதனிடத்துக்கு வந்த ‘ஹார்ஸ்’ என்ற சொல் ‘ஓடு’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. குதிரைக்கான இன்னொரு பழஞ்சொல்லின் பெண்பால் வடிவம்தான் இன்று பெட்டைக் குதிரையைக் குறிக்கும் ‘மேர்’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததும் பிரெஞ்சு பேசும் பிரபுக்களோடு ஒரு புதிய சொற்படை இறங்கியது. போர்க்களத்துப் பெருங்குதிரை ‘டெஸ்ட்ரியர்’. வலக்கை என்ற லத்தீன் சொல் அதன் வேர். ஏவலாள் அதை வலக்கையில் பிடித்து நடத்திவந்ததால் என்பது வழக்கமான விளக்கம். விரைந்தோடுவது ‘கோர்சர்’. சீமாட்டிகளும் பாதிரியார்களும் அலுங்காமல் போக ‘பால்ஃப்ரி’. சாதாரண வீரனுக்கும் மூட்டை சுமக்கவும் ‘ரவுன்சி’. வாடகைக்கு விடுவது ‘ஹாக்னி’. வாடகைக் குதிரையில் ஏறாதவர் இல்லை என்பதால், எல்லோரும் பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்துபோன சொற்றொடரையும் ஆங்கிலம் அதே பெயரால் அழைக்கிறது. கிழடு தட்டியதற்கு ஒரு பெயர், காயடித்ததற்கு நோர்ஸ் மொழியிலிருந்து ஒரு பெயர், ஆண் குட்டிக்கு ஒன்று, பெண் குட்டிக்கு ஒன்று. ஆங்கிலப் பட்டியலில் பாதி வேலைப் பங்கீடு, மீதி வயதும் பாலும். லாயத்திலும் சந்தையிலும் புழங்கிய கைகள் எழுதிய பட்டியல் அது.

இதில் சீமாட்டிகளின் ‘பால்ஃப்ரி’யை மட்டும் கொஞ்சம் பின்தொடரலாம். ரோமானிய அஞ்சல் சேவையில் கிளைச்சாலைகளில் ஓடிய குதிரைக்கு ‘பாராவெரேதுஸ்’ என்று பெயர். அந்தச் சொல் பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய் ‘பால்ஃப்ரி’ ஆகி வழக்கொழிந்தது. ஜெர்மனிக்குப் போனது ‘ஃபேர்ட்’ ஆகி, குதிரைக்கான பொதுச்சொல்லாகவே நிலைத்தது. அந்த ஃபேர்டின் முதலெழுத்துதான் பி.எஸ்.ஸில் உள்ள பி. ரோமானியத் தபால்காரனின் குதிரை ஒரகடத்து விளம்பரத் தாளில் ஒற்றை எழுத்தாக நின்றுகொண்டிருக்கிறது.

இனி நம் பட்டியல். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று எந்த நிகண்டைத் திறந்தாலும் விலங்கின் பெயர்த்தொகுதியில் குதிரைக்குப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். பரி, புரவி, இவுளி, மா, கலிமா, பாய்மா, கோடகம், துரகம், குரகதம், வாசி, அயம், சைந்தவம், கந்தருவம் என்று போகும். நிகண்டு இவற்றையெல்லாம் ஒரு பொருட் பலபெயராகவே அடுக்குகிறது. எது போருக்கு, எது வண்டிக்கு, எது கிழம் என்ற பேச்சே இல்லை. ஓரிடத்தில் மட்டும் பாகுபாடு வருகிறது. பாடலம் சேரனுடையது, கோரம் சோழனுடையது, கனவட்டம் பாண்டியனுடையது, கந்தருவம் குறுநில மன்னருடையது. குதிரையின் தன்மை என்னவென்று இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதன் முதுகில் இருப்பவன் எந்தக் குலம் என்று தெரியும், பாடுகிற புலவனுக்கு அது போதும். நம் பட்டியலின் பெரும்பகுதி அரசவையில் உட்கார்ந்து எழுதியது என்பது என் முடிவு.

சொற்களை உரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பரி என்பது ஓட்டம். குதிரை என்ற சொல்லை ‘குதி’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கன்னடம், துளு, குடகு, தோடர் மொழிவரை அதன் உறவுச் சொற்கள் பரவியிருக்கின்றன. பாய்மாவும் கலிமாவும் வெளிப்படை. ‘மா’ விலங்குக்குப் பொதுப்பெயர், யானைக்கும் ஆகும். சீன மொழியில் குதிரைக்கு ‘மா’ என்று பெயர் இருப்பதைப் பார்த்து உடனே சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது. ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவென்றால் மொழியியலுக்கு வேலையே இல்லை. துரகம், வாசி, அயம் முதலியவை வடமொழி வழி வந்தவை. கோடகத்தின் வடமொழி வடிவமான ‘கோடக’மே தெற்கிலிருந்து போனதா என்ற விவாதம் தனி. சைந்தவம் சிந்து நாட்டிலிருந்து வந்தது. அதே சொல் சிந்து நாட்டு உப்புக்கும் பெயர். ‘சைந்தவம் கொண்டுவா’ என்றால் சாப்பாட்டு இலை முன் உப்பு, பயணப்பட நிற்கும்போது குதிரை என்று சமஸ்கிருதத் தருக்க நூலார் இதைப் பல நூற்றாண்டுகளாக எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார்கள்.

மிஞ்சுவது இவுளி. சங்க நூல்களில் புழங்கிய சொல், பேச்சில் இன்று எங்கும் இல்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இதனோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துக் காட்டுகிறது. பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகூயியில் குதிரைக்குள்ள பெயர் அது: ‘ஹுல்லி’. இடையில் உள்ள ஆந்திரமும் கன்னட நாடும் மராட்டியமும் விட்டுப்போன சொல், இரு கோடிகளில் மட்டும் எச்சமாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தின் ‘எஓ’வுக்கு இந்த அதிர்ஷ்டம்கூட வாய்க்கவில்லை.

தொல்காப்பிய மரபியல் மட்டும் வேறு விதம். அங்கே அரசனுக்குக் காட்டும் பவ்யம் கிடையாது, கால்நடை மேய்ப்பவரின் கண் இருக்கிறது. குதிரைக் குட்டியை யானை, கழுதை, கடமை, பசு ஆகியவற்றோடு சேர்த்துக் கன்று என்கிறது. பெண்ணை ஒட்டகத்தோடும் கழுதையோடும் வைத்துப் பெட்டை என்கிறது. ஆணைச் சேவல் என்கிறது. மயில் நீங்கலாகச் சிறகுள்ள பறவைகளின் ஆணுக்கே உரியது சேவல் என்று சொல்லிய அதே இயல், குதிரையில் ஆணையும் அப்படிச் சொல்வதுண்டு என்று விதிவிலக்குத் தருகிறது. எனக்குத் தோன்றுவது இது: வெளியிலிருந்து வந்த விலங்குக்கு ஊரார் தங்களிடமிருந்த பெயர்களையே எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். குட்டிக்கு மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒரு பெயர், ஆணுக்குப் பறவைகளிடமிருந்து ஒரு பெயர். மண்ணில் கால் பாவாமல் ஓடுகிற ஒன்றைப் பறவையோடு சேர்த்தது அழகாகவே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கியில் பின்னிழுத்துவிடும் கொக்கியை ஆங்கிலம் சேவல் என்கிறது, தமிழ் குதிரை என்கிறது.

வெளியிலிருந்து வந்தது என்றேன். தமிழகத்தின் ஈர வெப்பமும் மேய்ச்சல் நிலக் குறைவும் பெருங்குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதற்குப் பிறகு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளும் அதே கதைதான். சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். அரபுக் குதிரைகள் மேலைக்கடற்கரையில் இறங்கி மலைதாண்டி வந்த வழியை அந்த ஒரு பெயரே காட்டிவிடும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. விற்கும் வணிகர்களோ குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உதிரிப்பாகத்தையும் மெக்கானிக்கையும் கையில் வைத்துக்கொண்டு வண்டி மட்டும் விற்கும் வியாபாரம் அன்றே இருந்திருக்கிறது.

பாரசீக வரலாற்றாளர் வசாஃப் விலையையும் எழுதிவைத்தார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதாக ஒப்பந்தம். ஒவ்வொன்றும் 220 பொன் தீனார். வழியில் செத்தாலும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுத்தாக வேண்டும். இருநூறு ஆண்டு கழித்து விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மன் இன்னும் ஒரு படி மேலே போனான். கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரையின் விலையே கொடுத்தான் என்கிறார் போர்த்துகீசிய வணிகர் நூனிஸ்.

இவ்வளவு பொன் கைமாறிய நாட்டில்தான் மாணிக்கவாசகர் கதை பிறக்க முடியும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழிக்கிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிவருகிறான். இரவானதும் அவை பழையபடி நரியாகி ஊளையிடுகின்றன. பக்தி இருக்கட்டும், விலை கொடுத்து வாங்கிய குதிரை லாயத்தில் நிற்காது என்பதைக் கண்டு கண்டு சலித்த கருவூலக்காரனின் பெருமூச்சும் இந்தக் கதைக்குள் கேட்கிறது.

லாயத்தில் வேலை செய்தவருக்குத் தமிழில் பெயரே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. குதிரையைப் பழக்குபவன் வாதுவன், கலித்தொகையில் வருகிறான். கடிவாளக் கயிறு குசை. குதிரையின் நடைகளுக்கு மயிலையும் குரங்கையும் புலியையும் ஒப்பிட்டுப் பெயர்கள் உண்டு. ஆனால் குதிரைப்படை துருக்கிய, பாரசீக, மராட்டிய மரபினரின் கைக்கு மாறியபோது இந்தச் சொற்கள் பின்வாங்கின. சவாரி, சவுக்கு, ஜீனி மூன்றும் பாரசீகத்திலிருந்து வந்தவை. சிறு குதிரைக்கு வடக்கிலிருந்து ‘தட்டு’ வந்தது, வாடகை வண்டிக்கு ஜட்கா. குதிரைவீரன் என்ற பொருளுடைய இராவுத்தர் ஒரு தமிழ் முஸ்லிம் சமூகத்தின் பெயராகவே நிலைத்தது.

பிறகு ஆங்கிலேயர். குதிரைப் பராமரிப்பாளனை வடஇந்திய வெள்ளைக்காரர்கள் அரபுவழிச் சொல்லான ‘சைஸ்’ என்று அழைக்க, சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் மட்டும் அவனுக்கு ‘ஹார்ஸ்கீப்பர்’ என்று பெயர். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தனியாகக் குறிக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், ஆகவே கேட்டறிந்தே எழுதியிருப்பார். தமிழர் சொன்ன ‘குதிரைக்காரன்’தான் இப்படி உருமாறியது என்று நிறுவ முடியாது, பழைய வட்டார ஆங்கிலச் சொல் என்பது அகராதிக் கருத்து. ஆனால் அந்தச் சொல் இங்கே வேர்பிடித்ததற்குக் குதிரைக்காரன் ஒத்தாசை செய்திருப்பான் என்று நம்பவே எனக்கு விருப்பம். இன்னொன்று ‘வேலர்’. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்திலும் இறங்கிய பட்டாளத்துக் குதிரைக்கு இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வைத்த பெயர். வந்த திசையைப் பெயராக்கியதில் சைந்தவத்துக்கும் வேலருக்கும் வேறுபாடே இல்லை.

இந்தச் சாலைப் பகுதியும் குதிரைக் குளம்புக்குப் பழகியதுதான். ஒரகடத்துக்கு வடகிழக்கே உள்ள மணிமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலகேசியை முறியடித்தான். மேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்து அழித்தார்கள். மைசூர்க் குதிரைப்படையின் பெயர் அதன்பின் சென்னைக் கோட்டைக்குள் நடுக்கத்தோடு பேசப்பட்டது.

பழைய பெயர்கள் இன்று எங்கே உயிரோடிருக்கின்றன என்று தேடினால், நிகண்டுக்கு வெளியே அவை பதுங்கியிருக்கும் இடம் பெரும்பாலும் கோயில். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் வேளார்கள் செய்த மண்குதிரையை ஐயனாருக்குச் சுமந்து செல்வது புரவியெடுப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைக் குதிரையெடுப்பு என்று சொல்லமாட்டாள். சுவாமி குதிரை ஏறிப் புறப்படுவது பரிவேட்டை. திருக்குறள் உரையாசிரியருக்குப் பரிமேலழகர் என்று பெயர். காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் போன்ற வைணவக் கோயில்களில் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பெரும்பாலும் குதிரை வாகனம். அது மரக்குதிரை, ஆட்களே தோளில் சுமக்கிறார்கள். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்ற பழமொழியை ‘மண் குதிர்’ என்று திருத்துகிறவர்கள் அண்மைக்காலத்தில் பெருகிவிட்டார்கள். ஊருக்கு ஊர் மண்குதிரை நிற்கும் நாட்டில் இந்தத் திருத்தத்துக்கு என்ன அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை.

பேச்சில் குதிரை என்ற ஒரே சொல் மற்றவற்றையெல்லாம் விழுங்கி, விலங்கைவிட்டு வெளியேயும் போய்விட்டது. வீணையில் தந்திகள் அமர்ந்திருக்கும் பகுதி குதிரை. பெண்பிள்ளைகள் தூக்கிக் கட்டும் கூந்தல் குதிரைவால். சாமை, தினையோடு சேர்த்து மளிகைக் கடையில் விற்பது குதிரைவாலி.

இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு 1996இல் அடித்தளமிட்ட ஹூண்டாய், அதற்கு இருபது ஆண்டு முன்பு தன் நாட்டில் சொந்தமாக வடிவமைத்து விற்ற முதல் காருக்கு வைத்த பெயர் போனி. மட்டக்குதிரை என்று பொருள். 1991இல் கேலப்பர், நாலுகால் பாய்ச்சல். 1999இல் செல்வந்தர்களுக்கான சொகுசுக் காரைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம் போதவில்லை, லத்தீனுக்குப் போய் ‘எக்வுஸ்’ என்று வைத்தது. எட்டுப் பத்து நூற்றாண்டுகளுக்கு முன் சேரனுக்குப் பாடலம், பாண்டியனுக்குக் கனவட்டம் என்று பிரித்துவைத்த நிகண்டாசிரியருக்கு இந்த ஏணி நன்றாகவே புரிந்திருக்கும்.

அதே ஆலையில் செய்யும் மின்சாரக் கிரெட்டா 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அதில் எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. வலுவைக் கிலோவாட்டிலேயே சொல்லிவிடலாம். குதிரையை அளந்த வாட்டின் பெயரில் உள்ள அலகு அது. விளம்பரத் தாளில் 126 கிலோவாட் என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே, வாங்குபவனுக்குப் புரியட்டும் என்று, 171 பி.எஸ்.